கன்னியம்மா உட்கார்ந்திருந்த வரைக்கும்

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். இன்னொருவர் சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேய், ஆவி, காத்துக் கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர், கீழே ஆள் இல்லாத இடத்தில் சுத்தியல் சத்தம் கேட்கும் என்று அவரும் அவர் கூட்டாளிகளும் சொல்லுவார்கள், அது பாறை சூட்டில் விரியும் சத்தம்ப்பா என்று பத்தாம் வகுப்புப் பாடத்தை வைத்து அவர் வாயை அடைத்தவன் நான். அதில் எனக்கு அப்போது பெரிய கர்வம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது நடந்தது நடுராத்திரி இல்லை, சுடுகாட்டுப் பக்கமும் இல்லை. திங்கட்கிழமை காலை பத்தரை மணி, சிவாஜிநகர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து, ஒரு பக்கம் கறிக்கடை, ஒரு பக்கம் துணிக்கடை, காது கிழிகிற ஹார்ன் சத்தம். அங்கே நடந்ததுதான் இது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது டிப்ளமோ முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. ஈஜிபுராவில் மூன்றாவது மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஷீட் போட்ட அறை. கூட இருந்தவன் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டான், அவன் கட்டில் மட்டும் அப்படியே கிடந்தது, அதன்மேல் துணி போடக்கூட எனக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும். திங்கட்கிழமை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது தொண்டை கரகரக்கும், நம் குரல் இப்படியா இருக்கும் என்று எனக்கே தோன்றும். அப்படி ஒரு திங்கட்கிழமைதான் அதுவும்.

முதலாளி காலையிலேயே ஒரு ஃப்ளாப்பியைக் கையில் கொடுத்து சிவாஜிநகருக்கு அனுப்பினார். தனபால் என்பவருடைய டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காது குத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் தமிழில் அடித்துக் கொடுக்கிற கடை. அங்கே இருக்கிற பழைய கம்ப்யூட்டர் சில நேரம் எழுந்திருக்கிறது, சில நேரம் எழுந்திருப்பதில்லை, அதன் பயாஸ் ரொம்பப் பழசு, புதுசை இந்த ஃப்ளாப்பியிலிருந்து ஏற்றிவிட்டு வா என்றார். பயாஸ் என்றால் பெரிய விஷயம் இல்லை, பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டருக்கு நீ யார், உன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிக் கொடுக்கிற சின்ன நிரல், போர்டிலேயே ஒரு சிப்பில் இருக்கும்.

கடை வாசலில் சாக்கடைக்கு மேல் போட்ட கல்லில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றி வெறுமையாக இருந்தது. மடியில் ஒரு ஒயர் கூடை. நான் தாண்டிப் போகும்போது காலை ஒடுக்கிக்கொண்டார்.

தனபால் நல்ல கனத்த ஆள், நெற்றி நிறைய விபூதி, குரலும் கனம்.

"வாப்பா இன்ஜினியரே. என்னா இவ்ளோ சின்னதா இருக்கே? பெரிய ஆளுங்க யாரும் இல்லியா உங்க கம்பெனியில?"

"நான்தாண்ணா பார்ப்பேன்."

"பாரு, பாரு. அதுக்கு மூடு இருந்தா எழுந்திரிக்கும், இல்லன்னா குப்புறப் படுத்துக்கும். எங்க மாமனார் மாதிரி."

பக்கத்திலேயே புதுக் கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இதை ஏன் இன்னும் வைத்து மாரடிக்கிறீர்கள் என்று கேட்டேன். தனபால் வாசல் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டுக் குரலை இறக்கினார்.

"அந்த அம்மா பேரு கன்னியம்மா. பொம்மனஹள்ளியில கார்மெண்ட்ஸ்ல வேலை. எட்டு நாளா தினம் வந்து வாசல்ல உட்கார்ந்துட்டுப் போவுது. போன வருஷம் புள்ள ஜெகன் போயிட்டான், பத்தொம்பது வயசு, ஓசூர் ரோட்டுல லாரி. பதினாறாம் நாள் போஸ்டர் நம்ம கடையிலதான் அடிச்சோம். போட்டோவை வாங்கி ஸ்கேன் பண்ணிட்டு, திருப்பித் தர்றதுக்குள்ள மழை பேஞ்சு சாக்கடைத் தண்ணி உள்ள பூந்துருச்சுப்பா. போட்டோ வச்சிருந்த அட்டைப் பொட்டியோட எல்லாம் ஊறிப் போச்சு. அதுங்ககிட்ட வேற போட்டோவே இல்ல. நாளைக்கு வருஷத் திதி, படம் வச்சுக் கும்பிடணும், போஸ்டரும் அடிக்கணும். இனிமே புதுசா எடுத்துக்கோன்னு சொல்ல முடியுமா?"

போஸ்டர் ஒன்றுகூட மிச்சம் இல்லையாம். சுவரில் ஒட்டியதெல்லாம் மழையில் கிழிந்துவிட்டது. அந்தப் பையனின் முகம் உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம், இந்தப் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்.

டிஸ்க்கைக் கழற்றிப் புதுக் கம்ப்யூட்டரில் போட்டால் போச்சே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். காலி டிஸ்க் என்று சொல்லிவிட்டது. பழைய பயாஸ்கள் சிலது டிஸ்க்கைத் தங்களுக்கென்று ஒரு தினுசில் பாகம் பிரித்துக் கணக்கு வைக்கும், அந்த பயாஸ் படித்தால்தான் அதில் இருப்பது தெரியும், வேறு எது படித்தாலும் வெறும் பலகை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. முதலாளி சொன்னபடி நான் புது பயாஸை ஏற்றினால் அந்தக் கணக்கும் மாறிப் போகலாம், பையனின் முகம் அதோடு போய்விடும். ஃப்ளாப்பியைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். முதலில் படம், மற்றது அப்புறம்.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டிப் பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பு. மறுபடி அழுத்தினேன், மறுபடி கறுப்பு. ஏழெட்டு முறை. ஒயர்களைக் கழற்றி மாட்டினேன், மின்சாரப் பெட்டியை மாற்றிப் பார்த்தேன், ஊதினேன், தட்டினேன்கூட.

அப்போது கன்னியம்மா வாசல்படியில் ஏறி நின்று, "ஆச்சாப்பா?" என்று கேட்டார். சொன்னால் நம்புங்கள், அதே நேரம் ஒரு 'பீப்', திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்குள் தனபால் பதறிக்கொண்டு எழுந்தார்.

"அம்மா, அம்மா, இன்னும் போணி ஆகலம்மா. சொல்ப நேரம் வெளிய இரு. ஆனதும் நானே கூப்புடறேன்."

அவர் இறங்கினார். முதல் வியாபாரம் ஆவதற்குள் தாலி அறுத்த பெண் கடைக்குள் வரக்கூடாது, அதுதான் விஷயம். அவரும் அது நியாயம் என்பதுபோலத்தான் போய் உட்கார்ந்தார். அவர் கல்லில் உட்கார்ந்ததும் திரை அணைந்தது.

அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தற்செயல் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சந்துக்குள் ஒரு தள்ளுவண்டி வந்தது, வழிவிட அவர் மறுபடி படியில் ஏறினார், கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தது. வண்டி போனது, அவர் இறங்கினார், அது படுத்தது.

நான் படித்தவன் அல்லவா, உடனே காரணம் பிடித்துவிட்டேன். கடையின் தரை பலகை, படியில் கனம் ஏறினால் பலகை அசைகிறது, உள்ளே எதுவோ லூசாக இருப்பது பொருந்திக்கொள்கிறது. தனபாலைப் படியில் நிற்கச் சொன்னேன். நூறு கிலோவுக்குக் குறையாத மனுஷன். ஒன்றும் இல்லை. குதிக்கச் சொன்னேன்.

"டேய், நான் என்னா டான்ஸ் மாஸ்டரா?" என்றவர், குதிக்கவும் செய்தார். பலகை ஆடியது, மேஜை ஆடியது, கம்ப்யூட்டர் அசையவில்லை. நானும் போய் நின்று பார்த்தேன். பிறகு, "அம்மா, சும்மா ஒரு நிமிஷம் ஏறி நில்லுங்க," என்றேன். ஏறினார். பீப்.

தனபால் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "நக்கோப்பா, வேணாம். இது வேற மாதிரி இருக்கு," என்றார்.

"ஒண்ணும் இல்லண்ணா, ராம் லூசா இருக்கும்," என்றேன். ராம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது எல்லாவற்றையும் கையில் பிடித்து வைத்துக்கொள்ள இருக்கும் ஒரு விரல் நீளப் பட்டை. அது இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரும் எழுந்திருக்காது, பெரிய கம்பெனிக்காரன் செய்தது என்றாலும் எழுந்திருக்காது. அதன் தங்கப் பற்களில் அழுக்குப் படிந்தால் இப்படித் தகராறு செய்யும், பென்சில் ரப்பரால் தேய்த்துத் துடைப்போம். நானும் ராமைக் கழற்றி, மேஜை ஓரத்தில் ஒரு பேப்பரை விரித்து உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன்.

தேய்த்துக்கொண்டே யோசித்தேன். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அவர் பக்கத்தில் இருந்தால் ஓடுகிறது என்றால் அவரை உள்ளேயே உட்கார வைத்துவிட வேண்டியதுதானே.

"அண்ணா, அவங்களை உள்ள கூப்பிடுங்க."

"போணி ஆகட்டும்னு சொல்றேன்ல."

"அவங்க போட்டோவை நீங்க தொலைச்சீங்க. எட்டு நாளா சும்மா வெளிய உட்கார வச்சிருக்கீங்க. இதுல ராசி வேற பார்ப்பீங்களா?"

அதிகம்தான் பேசிவிட்டேன். அவர் வயதென்ன, என் வயதென்ன. தனபால் என்னை முறைத்தார், ஆனால் கோபத்தைவிட வெட்கம்தான் அதில் அதிகம். நான் ராமைப் பேப்பரிலேயே வைத்துவிட்டு எழுந்து, வேறு வேலை தேடுவதற்காக எப்போதும் பையிலேயே வைத்திருந்த டிப்ளமோ சான்றிதழை எடுத்து நீட்டினேன்.

"இதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க. நானே போணி பண்றேன். போதுமா?"

அவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தார். பிறகு ஜெராக்ஸ் எடுத்தார், நான் கொடுத்த காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேஜை டிராயரில் போட்டார். வாசலுக்குப் போய், "உள்ள வாம்மா," என்றார். நின்று, "தப்பா எடுத்துக்காத," என்றும் சொன்னார்.

கன்னியம்மா வந்து என் பக்கத்தில் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். எதிலும் இடித்துவிடக் கூடாது என்று கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் பட்டனை அழுத்தினேன். ஒரே அழுத்தில் எழுந்தது. திரையின் மேல் மூலையில் ராமை எண்ணுகிற எண்கள் ஓடி ஏறி நின்றதை என் கண்ணால் பார்த்தேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"நீங்க எழுந்திரிக்காதீங்கம்மா," என்றேன்.

"எழுந்திரிக்கல. நான் என்னா சாமியா, நான் உட்கார்ந்தா மெஷின் ஓடறதுக்கு?" என்று சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு, நான் கேட்காமலே, திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முகம் மறந்துட்டே வருது தம்பி. அவன் செருப்பை விடற தினுசு ஞாபகம் இருக்கு. சட்டையை எங்க மாட்டுவான்னு ஞாபகம் இருக்கு. முகத்தை நினைச்சா மட்டும் பக்கத்து வீட்டுப் பையன் முகம் வருது. பெத்தவளுக்கு இப்பிடி வரலாமா? இதை யார்கிட்ட போய்ச் சொல்றது?"

போல்டர்களைத் தேடிக்கொண்டே இருந்தேன். சாவு போஸ்டர்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன, வெறும் பெயர்கள், வரிசையாக. ஜெகன் என்று ஒன்று இருந்தது. திறந்தேன்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் பெரிய படம் ஒரேயடியாக வராது, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதலில் நீலப் பின்னணி. பிறகு தலைமுடி, எண்ணெய் வைத்துப் படிய வாரியது. நெற்றி. அங்கே நின்றுவிட்டது. டிஸ்க் கரகரவென்று அரைத்தது. தனபால் பின்னால் ஏதோ சாமி பேர் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு புருவம், கண், மூக்கு. லைசென்ஸுக்கு எடுத்த படம் போல, கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

கன்னியம்மா அழவில்லை. "ஆமா," என்றார். "இவன்தான்." அதையே இன்னும் ஒரு முறை சொன்னார், யாரோ சந்தேகப்பட்டதுபோல. பிறகு ஸ்டூலில் நன்றாக உட்கார்ந்து, ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தனபால் பிரிண்டரை இணைத்து நல்ல தாளில் மூன்று படங்கள் எடுத்தார். போஸ்டரை இதைப் பார்த்தே சாயங்காலத்துக்குள் தானே அடித்து பொம்மனஹள்ளிக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. ஃப்ளாப்பியில் ஒரு காப்பி எடுக்கலாம் என்று பார்த்தேன், படம் பெரியது, அதில் கொள்ளவில்லை.

கன்னியம்மா படங்களைப் பேப்பரில் சுற்றி, கூடையில் மடங்காமல் நிற்க வைத்துக்கொண்டு, என் தலையில் கை வைத்துவிட்டுப் படி இறங்கினார். நான் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தேன், அணையவில்லை. பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவர் கறிக்கடையைத் தாண்டினார், துணிக்கடையைத் தாண்டினார், சந்து முனையில் பஸ் நிலையத்தின் பக்கம் திரும்பி மறைந்தார். திரை அணைந்தது. விசிறியும் நின்றது.

சரி, இனி புது பயாஸை ஏற்றலாம் என்று மேஜையை ஒதுக்கினேன். பேப்பரின்மேல், ரப்பர் துகள்களுக்கு நடுவில், ராம் கிடந்தது.

நான் அதைத் திரும்ப மாட்டவே இல்லை. போணி தகராறில் மறந்துபோயிருந்தேன். கேபினெட்டின் திறந்த பக்கம் சுவரைப் பார்த்திருந்ததால் எனக்குத் தெரியவும் இல்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன், வேறு ராம் இருக்குமோ என்று விரலை விட்டுத் தடவினேன். ராம் மாட்ட இரண்டு பள்ளங்கள். ஒன்று காலி, மற்றதில் எத்தனையோ வருடத் தூசி.

அப்படியானால் அந்த அரை மணி நேரம் எது ஓடியது? எண்கள் ஏறியதை நான் பார்த்தேனே, எதை எண்ணி ஏறின?

"அண்ணா, இது இங்க இருக்குண்ணா," என்று தனபாலிடம் காட்டினேன். "ஸ்பேரா வச்சிருப்பே," என்றுவிட்டார். முதலாளியிடம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை எங்கே சுற்றினாய் என்று கேட்டுச் சிரித்தார். ராமை மாட்டிப் பட்டனை அழுத்தினேன், வேறு ராம் போட்டு அழுத்தினேன். அந்தக் கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு ஒரு பீப்கூட கொடுக்கவில்லை. ஃப்ளாப்பியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால், ஏதோ என் கண் செய்த தப்பு என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். நாலைந்து மாதம் கழித்து, பொம்மனஹள்ளியில் ஒரு வேலை முடித்துவிட்டு மதியம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். யாரோ கையைப் பிடித்தார்கள். கன்னியம்மா. கொஞ்சம் தேறியிருந்தார். படத்தை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பதாகவும் இப்போதெல்லாம் முகம் குழம்புவதில்லை என்றும் சொன்னார். நல்லதும்மா என்றேன்.

"ஆனா உம்மேல எனக்கு ஒரு வருத்தம் தம்பி."

"ஏம்மா, என்னாச்சு?"

"அன்னிக்குக் கடையில ஜெகன் உன்னை ரெண்டு வாட்டி கேட்டான், 'சாப்டீங்களாண்ணா'ன்னு. நீ வாயே தொறக்கல. வேலை மும்முரம்னு நானும் விட்டுட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

குறையாகக்கூடச் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தவரிடம் பேசுவதுபோலச் சொன்னார். அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

நான் அன்று சாப்பிட்டிருக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரியிலிருந்து எனக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த ஷீட் அறையில் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தேன், திங்கட்கிழமை வெறும் வயிற்றோடுதான் பஸ் ஏறினேன். இது யாருக்கும் தெரியாது. சொல்ல அப்போது எனக்கு யார் இருந்தார்கள்?

இப்போது வேறு கம்பெனி, வேறு வேலை, எல்லாம் புது மெஷின்கள், பட்டனை அழுத்தினால் உடனே எழுந்துவிடும். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆளில்லாத அறையில் பட்டனை அழுத்திவிட்டுத் திரை வருவதற்குள் இருக்கும் அந்த இரண்டு மூன்று விநாடியில், "சாப்பிட்டேன்ப்பா" என்று மெல்லச் சொல்லிக்கொள்கிறேன். சாப்பிடாத நாளில் பட்டனைத் தொடுவதே இல்லை.